முதலில் துணி, பிறகு வால்பேப்பர், கடைசியில் பெயின்ட்: ஓர் அறையைப் புதுசாக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் படுக்கையறைக்கு முதல் முறை பெயின்ட் அடித்தபோது, ஷேடு கார்டில் ஒரு பச்சையைப் பார்த்து மனம் பறிகொடுத்து ஒரே வாரத்தில் நாலு சுவரையும் முடித்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பச்சைக்குப் பொருந்துகிற ஸ்கிரீன் துணி தேடி மூன்று ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒன்றும் சேரவில்லை. கடைசியில் வெள்ளைத் துணிதான் வாங்கினேன். "வெள்ளை எதுக்கும் ஒத்துப்போயிரும்க்கா" என்று கடைப் பையன் சொன்னது ஆறுதலா கேலியா என்று இன்றுவரை தெரியவில்லை.

பெயின்ட் கடையில் மெஷின் வைத்து ஆயிரக்கணக்கான நிறங்களைக் கலந்து தருகிறார்கள். துணி அப்படி இல்லை. தறியில் எது வந்ததோ அதுதான். வால்பேப்பர் இரண்டுக்கும் நடுவில். அதனால் எது வளைந்து கொடுக்காதோ அதை முதலில் தேர்ந்தெடுத்து, எது எப்படியும் வளையுமோ அதைக் கடைசிக்கு வைக்க வேண்டும். தேர்வு துணியிலிருந்து சுவருக்கு வரும். வேலை மட்டும் சுவரிலிருந்து துணிக்குப் போகும். அடுத்த அறைக்கு இப்படிச் செய்தேன், அலைச்சல் பாதியாகக் குறைந்தது.

கணக்குகளுக்கு அந்த அறையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: 10க்கு 12 அடி, உயரம் 10 அடி, ஒரு கதவு, 4 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள ஒரு ஜன்னல்.

எதையும் வாங்கும் முன்: சுவரில் ஈரம் இருக்கிறதா?

கடைக்குப் போகும் ஆசையை ஒரு வாரம் அடக்கிக்கொண்டு சுவரைப் பாருங்கள். ஸ்கர்ட்டிங்குக்கு (தரையோரம் சுவரில் ஓடும் பட்டை) மேலே பெயின்ட் பொருமியிருக்கிறதா, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா, விரலால் தட்டினால் காரை கொட்டுகிறதா? இருந்தால் அது ஓதம். அந்தச் சுவருக்குப் பின்னால் பெரும்பாலும் பாத்ரூம் இருக்கும், இல்லையென்றால் மழைநீர்க் குழாய்.

சந்தேகமாக இருந்தால் ஓர் எளிய சோதனை. ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் தாள் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

உள்ளிருந்து வருகிறது என்றால் முதல் செலவு பிளம்பருக்கு. கசிவை நிறுத்தி, கறை தெரியும் இடத்துக்கு மேலே ஓர் அடி வரை காரையைக் கொத்தி எடுத்து, செங்கலை நன்றாகக் காயவிட்டு, வாட்டர்புரூஃப் கலவை சேர்த்து மறுபடி பூச வேண்டும். புதுப் பூச்சு முழுதாக உலர 28 நாள் விடுங்கள். "அதெல்லாம் வேண்டாம், மேலே வால்பேப்பர் ஒட்டிட்டா தெரியாது" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். வினைல், அதாவது பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள், ஈரத்தை வெளியே விடாது. தாளுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அறை முழுக்க மக்கிய வாடை வரும்.

தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பட்டியும் (பெயின்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) காயாது, வால்பேப்பர் பசையும் காயாது. ஆனால் ஓதம் எங்கே என்று பார்க்க அந்த இரண்டு மாதத்தை விட நல்ல காலம் இல்லை. அப்போது சுவரை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் வேலையைத் தொடங்கலாம்.

பழைய வீடு என்றால் இன்னொன்று: உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கை வெள்ளையானால் அது சுண்ணாம்பு. போகிக்குப் போகி அடித்த வெள்ளை அடுக்கடுக்காக இருக்கும். அதன்மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) அடித்தால் பெயின்ட் சுவரைப் பிடிக்காது, சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு அப்பளம் போல உரியும். முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

துணி: பொறுமையாகத் தேடுங்கள்

அறையில் அதிக இடம் பிடிக்கும் துணி கர்ட்டன், அடுத்தது படுக்கை விரிப்பு. இரண்டில் ஒன்று பேசட்டும், மற்றது சும்மா இருக்கட்டும். இரண்டிலும் பூ இருந்தால் அறை கல்யாண மண்டபம் ஆகிவிடும்.

இந்த விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை அதிகம். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக்கே நெய்கிறார்கள். சென்னிமலையில் போர்வை, பவானியில் ஜமக்காளம். கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கைத்தறி விரிப்பும் ஸ்கிரீன் துணியும் கிடைக்கும். பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகளில் ஒன்றை எடுத்து அதையே அறையின் முக்கிய நிறமாக வைத்தால், நிறம் தேர்ந்தெடுக்கும் தலைவலியே பாதி போய்விடும்.

எனக்குப் பிடித்த வழி பழைய புடவை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியைக் கர்ட்டனாக்கினால் ஓர் அழகு கூடுகிறது. புடவையில் கரை நீளவாக்கில் ஓடுவதால் தொங்கவிட்டதும் இரண்டு ஓரத்திலும் கரை செங்குத்தாக நிற்கும். ஓரத்துக்குத் தனியாகப் பைப்பிங் பட்டை வைக்கத் தேவையில்லை. ஐந்தரை மீட்டர் புடவையில் 7 அடிக் கர்ட்டன் இரண்டு வரும், மடிப்புக்கும் சேர்த்து ஒன்றுக்கு சுமார் 2.4 மீட்டர். மிச்சம் 70 சென்டிமீட்டரில் ஒரு தலையணை உறை. முந்தானையை அந்த உறைக்கு ஒதுக்குங்கள், கர்ட்டனில் ஒரு பக்கம் மட்டும் முந்தானை வந்தால் கண்ணை உறுத்தும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் பின்னால் லைனிங் துணி கட்டாயம். என் ஆச்சியின் புடவையை லைனிங் இல்லாமல் மேற்கு ஜன்னலில் மாட்டினேன். இரண்டே கோடையில் நூல் நைந்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வரிவரியாகக் கிழிந்துவிட்டது. அந்தப் புடவையை இனி எங்கே போய் வாங்குவது?

கடைத் துணி எடுப்பதாக இருந்தால் கணக்கு இப்படி. ராட் ஜன்னலை விட இரு பக்கமும் 6 இஞ்ச் நீள வேண்டும். நம் ஜன்னலுக்கு 60 இஞ்ச். மடிப்பு அழகாக விழ ராடின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு துணி அகலம் வேண்டும்: 120 இஞ்ச். துணியின் அகலம் 48 இஞ்ச் என்றால் இரண்டரைத் துண்டு, அதாவது மூன்று. ராடிலிருந்து தரை வரை 84 இஞ்ச், மேல் கீழ் மடிப்புக்கு 10, சுருங்குவதற்கு 5 இஞ்ச், ஆக ஒரு துண்டு 99 இஞ்ச், ஏறக்குறைய இரண்டரை மீட்டர். மூன்று துண்டுக்கு ஏழரை மீட்டர். கட்டமோ பெரிய பூவோ இருந்தால் டிசைன் எத்தனை இஞ்சுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று அளந்து, துண்டுக்கு அத்தனை இஞ்ச் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கத்து மயில் மறுபக்கத்து மயிலை விட அரை அடி கீழே நிற்கும்.

வெட்டுவதற்கு முன் காட்டன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துவிடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் தரையைத் தொட்ட கர்ட்டன் முழங்காலுக்கு வந்து நிற்கும். ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

சொந்த டிசைனில் துணி வேண்டும் என்றால் டிஜிட்டல் பிரின்டிங் இருக்கிறது. குழந்தை வரைந்த படத்தைக்கூட அச்சடித்துத் தருகிறார்கள். மூன்று விஷயம் கவனியுங்கள். படம் அச்சாகும் அளவிலேயே 150 டிபிஐயாவது, அதாவது ஓர் இஞ்சுக்கு 150 புள்ளியாவது, இருக்க வேண்டும். ஓரத்தோடு ஓரம் சேர்ந்தால் டிசைன் வெட்டுப்படாமல் தொடர வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: முழு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு சின்னத் துண்டு அச்சடித்து வாங்குங்கள். போன் திரையில் ஜொலிக்கிற நீலம் காட்டனில் மங்கித்தான் வரும். அந்த மங்கல் பிடித்திருந்தால் மட்டும் மேலே போகலாம்.

சோபா, நாற்காலித் துணிக்குத் தேய்மான அளவைக் கேளுங்கள். எத்தனை முறை தேய்த்தால் நைகிறது என்ற எண் அது, மார்ட்டின்டேல் என்று துணியின் சீட்டில் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு 15,000லிருந்து 25,000 வரை போதும்.

வால்பேப்பர்: ஒரு சுவருக்கு மட்டும்

நாலு சுவருக்கும் ஒட்டாதீர்கள். கட்டில் தலைமாட்டுச் சுவர் ஒன்று போதும். பாத்ரூமை ஒட்டிய சுவரும், பிற்பகல் வெயில் தாக்கும் மேற்குச் சுவரும் வேண்டாம்.

கடைகளில் அதிகம் கிடைக்கிற ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், சுமார் 10 மீட்டர் நீளம். "57 சதுர அடி" என்பார்கள். உங்கள் சுவர் 12க்கு 10, 120 சதுர அடி. 57ஆல் வகுத்தால் இரண்டும் கொசுறும். கடைக்காரர் "ரெண்டு ரோல், கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா முடிஞ்சிரும்" என்பார். முடியாது. வால்பேப்பரைச் சதுர அடியில் கணக்குப் போடவே கூடாது, பட்டையில்தான் போட வேண்டும்.

சுவர் அகலம் 366 சென்டிமீட்டர். 53ஆல் வகுத்தால் 6.9, அதாவது 7 பட்டை. உயரம் 305, மேலும் கீழும் வெட்டிவிட 10, ஆக 315. டிசைன் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்புகிறது என்றால் பட்டையை 64இன் மடங்காக வெட்ட வேண்டும்: 320. பத்து மீட்டர் ரோலில் மூன்று பட்டை வரும். 7 பட்டைக்கு 3 ரோல். இதே சுவர் பத்தரை அடி உயரம் என்றால்? உயரம் 320, வெட்டிவிட 10, ஆக 330. அடுத்த மடங்கு 384. ஒரு ரோலில் இரண்டே பட்டை, மொத்தம் 4 ரோல். அரை அடி உயரம் ஒரு முழு ரோலை விழுங்கிவிட்டது பாருங்கள்.

எல்லா ரோலிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும். சுவரில் ஒட்டிய பிறகுதான் அது தெரியும், அதுவும் விருந்தாளி வந்து சொன்னால்தான்.

சுவர் அளவுக்கே படம் அச்சடிக்கும் கஸ்டமைஸ்டு வால்பேப்பர் சதுர அடிக் கணக்கில் வரும். சுவரை மூன்று இடத்தில் அகலமும் மூன்று இடத்தில் உயரமும் அளந்து பெரிய அளவைக் கொடுங்கள். எந்த மேஸ்திரி கட்டிய சுவரும் துல்லியமான சதுரம் கிடையாது. நாலு பக்கமும் இரண்டு இஞ்ச் கூடுதலாக அச்சடிக்கச் சொல்லுங்கள்.

பெயின்ட் நிறம்: சார்ட் அட்டையில் அடித்துப் பாருங்கள்

இப்போது கையில் துணித் துண்டும் வால்பேப்பர் துண்டும் இருக்கின்றன. அவற்றில் ஏற்கெனவே இருக்கிற மங்கலான நிறம் ஒன்றைப் பெயின்டுக்கு எடுங்கள், பளிச்சென்ற நிறத்தை அல்ல. ஷேடு கார்டில் விரலளவு பார்க்கும் நிறம் மூன்று சுவரில் பரவும்போது ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு படி வெளிறியதை எடுங்கள்.

சின்னச் சாம்பிள் டப்பா வாங்கி, வெள்ளைச் சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். பழைய சுவரிலேயே அடித்துப் பார்த்தால் பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டையில் துணியைக் குத்தி, காலை ஏழு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் இரவு லைட் போட்டும் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்இடிதான். கடையில் இதமாக இருந்த சந்தன நிறம் அதன் கீழே சோகை பிடித்தது போல ஆகிவிடும். மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பு மாற்றினாலே சில அறைகளுக்குப் பெயின்ட் தேவைப்படாது என்பது என் கட்சி.

அளவு: வால்பேப்பர் சுவர், கதவு, ஜன்னல் போக மீதி சுமார் 280 சதுர அடி. பட்டி பார்த்த சுவரில் லிட்டருக்கு இரண்டு கோட்டாக 120 சதுர அடி என்று வைத்தால் இரண்டரை லிட்டருக்குள். மூன்று லிட்டர் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கலந்துவிடுங்கள். டப்பாவுக்கு டப்பா வரும் சின்ன வித்தியாசம் மறைந்துவிடும். கலந்து வாங்கிய பெயின்டைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

சுவர் வேலை

கட்டிலை நடுவில் தள்ளி மூடி, சுவிட்ச் போர்டுக்கும் கதவுச் சட்டத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முதல் வேலை சுரண்டல்.

பழைய கதவு, கிரில்லில் இருக்கும் எனாமல் பெயின்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டின் தூசியில் ஈயம் இருக்கலாம். வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாளில் வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

அடுத்து பட்டி. சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, ஒரு கிலோ பவுடருக்குச் சுமார் 350லிருந்து 400 மில்லி தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, தகட்டால் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் இழுத்து முடிக்கிற அளவு மட்டும் குழையுங்கள். இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தது சுவரில் நிற்காது. இரண்டு கோட், நடுவில் காய விட்டு. ஓர் இரவு கழித்து உப்புத்தாள், முதலில் 180 எண் சொரசொரப்பு, பிறகு அதைவிட நைசான 320.

தேய்த்து முடிந்தது என்று ஆட்கள் சொன்னதும் லைட்டை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணாடி போலத் தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் தகட்டுக் கோடும் நிழலாக எழுந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் வட்டம் போடுங்கள். எங்கள் பெயின்டர் அண்ணன் முதலில் முறைத்தார், பிறகு அவரே டார்ச்சை வாங்கிக்கொண்டு, "இது நம்ம கை இல்லக்கா, பையன் கை" என்று மகனைக் கூப்பிட்டார். இந்தக் கட்டத்தில் ஐந்து நிமிஷ வேலை, பெயின்ட் ஏறிய பிறகு ஒரு நாள் வேலை.

அடுத்து பிரைமர், பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. அதைத் தவிர்க்கும் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள், குறிப்பாக வால்பேப்பர் சுவரில். வெறும் பட்டியில் ஒட்டிய தாளைப் பின்னால் பிரித்தால் பட்டியும் கூடவே வரும். அந்தச் சுவருக்குத் தாளின் அடிநிறத்தில் ஒரு கோட் பெயின்டும் அடித்து வையுங்கள், இணைப்பில் நூலளவு இடைவெளி விழுந்தாலும் வெள்ளையாகப் பல்லிளிக்காது.

பிறகு மேல் சீலிங்கில் தொடங்கிக் கீழே வர வேண்டும். ஓரங்களைப் பிரஷ்ஷால் முடித்து, அது காய்வதற்குள் ரோலரை அதன்மேல் ஓட்டுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே நாலு மணி நேரம். எவ்வளவு தண்ணீர் கலப்பது என்பது டப்பாவிலேயே இருக்கும், அதற்கு மேல் ஒரு டம்ளர்கூட வேண்டாம். மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுக்க இறுகும் முன் உரித்தால் ஓரம் சுத்தமாக வரும்.

தாள் ஒட்டுவது

பெயின்ட் முடிந்து ஒரு வாரம் விடுங்கள். முதல் பட்டையை மூலையை நம்பி ஒட்டக்கூடாது, மூலை கோணலாகத்தான் இருக்கும். சீலிங்கிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மூலையிலிருந்து 52 சென்டிமீட்டரில் பென்சில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் தாளின் ஓரத்தை வையுங்கள். முதல் பட்டை நேராக இருந்தால் மீதி தானாக நேராகும். அது ஒரு நூல் சாய்ந்தால் ஏழாவதில் ஒரு விரல் சாய்ந்திருக்கும்.

நான்-ஓவன் (நெய்யாத இழையால் ஆன) தாள் என்றால் பசையைச் சுவரில் தடவினால் போதும். பின்பக்கம் காகிதமாக இருந்தால் தாளில் தடவி, பசைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்துச் சில நிமிஷம் ஊறவிட வேண்டும். ஊறாமல் ஒட்டினால் சுவரிலேயே விரிந்து குமிழ் விடும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளுங்கள். கட்டர் பிளேடை அடிக்கடி ஒடித்துப் புது முனை எடுங்கள், மொண்ணைப் பிளேடு ஈரத்தாளைக் கிழிக்கும்.

ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க ஃபேனும் ஏசியும் கூடாது. வியர்த்து வழிந்தாலும் கூடாது. வேகமாகக் காய்ந்தால் தாள் சுருங்கி இணைப்புகள் வாய் திறந்துகொள்ளும். நாங்கள் அன்று ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம்.

தைத்து மாட்டுவது

ராட் ஏறிய பிறகு இன்னொரு முறை அளந்துதான் தையல்காரரிடம் துணியைக் கொடுக்க வேண்டும். ராடுக்கும் தரைக்கும் உள்ள உயரம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இருக்கும். தரைக்கு அரை இஞ்ச் மேலே நிற்கட்டும், பெருக்கும்போது துடைப்பம் சிக்காது. ஐலெட் (ராட் நுழையும் வளையம்) வைத்தால் ஒரு கர்ட்டனுக்கு இரட்டைப்படை எண்ணிக்கை கேளுங்கள், அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப் பக்கம் திரும்பி அடங்கும். கீழ் மடிப்பை முதலில் கையால் நூலோட்டி ஒரு வாரம் தொங்கவிட்டு, துணி இறங்கி நின்ற பிறகு மெஷின் தையல் போடச் சொல்லுங்கள். தையல்காரர் முனகுவார், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அரை டப்பா பெயின்ட் மிஞ்சும். அதை ஒரு சின்னப் பாட்டிலில் இறுக்கி மூடி வையுங்கள், ஆணியடித்த ஓட்டைக்கும் நாற்காலி உரசிய தடத்துக்கும் அது வேண்டும். வால்பேப்பரில் மிஞ்சிய துண்டைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். பெயின்ட் ஷேடு எண், ரோலின் பேட்ச் எண், தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, ஓரத்தில் துணியின் வெட்டுத் துண்டை ஸ்டேப்ளர் அடித்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ரசீது தொலைந்துபோகும், அலமாரி எங்கேயும் போகாது.